திருப்பிக் கொடுத்த பதக்கம்: ரஸ்டி கனோகோகியும் பெண்களின் ஜூடோவும்

1959ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் யூட்டிக்கா என்றொரு நகரம். அங்கே வை.எம்.சி.ஏ.க்களுக்கு இடையிலான மாநில ஜூடோ சம்பியன்ஷிப் நடக்கிறது. புரூக்ளினில் இருந்து வந்த அணியில் ஒருவருக்குக் காயம் பட்டுவிட, மாற்று ஆளாக வந்தவரை இறக்கவேண்டிய நிலை. அந்த மாற்று ஆள் கட்டையாக வெட்டிய முடியோடும், மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய பண்டேஜோடும், அதற்கு மேல் போட்ட ஜூடோ உடுப்போடும் விரிப்பில் ஏறினார். வெல்லவேண்டிய அவசியம் இல்லை, சமநிலையில் முடித்தால் காணும், ஒருவரின் கண்ணிலும் படாமல் வந்துவிடவேண்டும் என்றுதான் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவர் சமநிலையில் முடிக்கவில்லை. எதிராளியைத் தூக்கி எறிந்து வென்றார். அணியும் வென்றது. எல்லோரும் வரிசையில் நின்று பதக்கம் வாங்கினார்கள். பிறகு போட்டி அமைப்பாளர் அவரைத் தனியே கூப்பிட்டு, நீ ஒரு பெண்ணா என்று கேட்டார். அவர் ஓம் என்று தலையாட்டினார். பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் முழு அணியின் வெற்றியும் பறிபோகும் என்றார்கள். கழற்றிக் கொடுத்தார்.

அவருடைய பெயர் அப்போது ரீனா கிளிக்மன். எல்லோரும் கூப்பிட்டது ரஸ்டி என்று. பின்னாளில் கலியாணம் முடித்து ரஸ்டி கனோகோகி ஆனார். பெண்கள் ஒலிம்பிக்கில் ஜூடோ விளையாடுகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் நின்ற ஆட்களில் இவர் முக்கியமானவர். ஆனால் எங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? எனக்கும் அண்மைக்காலம் வரை தெரியாது. புரூஸ் லீயைத் தெரியும், முகமது அலியைத் தெரியும். தற்காப்புக் கலையின் வரலாறு என்றால் ஆம்பிளைகளின் படம் போட்ட சுவரொட்டிகள்தான் எங்கட மண்டைக்குள் இருக்கிறது.

யூட்டிக்காவில் நடந்ததில் இன்னொரு விசயம் இருக்கிறது. பெண்கள் பங்குபற்றக்கூடாது என்று அந்தப் போட்டியின் விண்ணப்பப் படிவத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதவேண்டிய தேவை இருக்கும் என்று ஒருவரும் நினைத்திருக்கவில்லை. ரஸ்டிக்குப் பிறகுதான் படிவங்களில் 'ஆண்' என்ற சொல் வந்து சேர்ந்தது. அதாவது அவர் கதவைத் தட்டியதற்கு முதல் கிடைத்த பதில், கதவுக்குப் பூட்டுப் போட்டதுதான்.

ரஸ்டி 1935 யூலையில் புரூக்ளினில், கோனி ஐலண்ட் பக்கத்தில், ஒரு வறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கோனி ஐலண்ட் என்றால் கடற்கரை, ராட்டினங்கள், சூதாட்டக் கடைகள், கோடைகாலத்தில் சனத்திரள். சின்ன வயதிலேயே அங்கே கிடைத்த வேலைகளைச் செய்து திரிந்த பிள்ளை. ரஸ்டி என்ற பட்டப்பெயர் அந்தத் தெருவில் நின்ற ஒரு நாயின் பெயரில் இருந்து வந்தது. பதின்ம வயதில் பெண்பிள்ளைகளின் தெருக்குழு ஒன்றுக்குத் தலைவியாக இருந்தார். குழுவின் பெயர் 'அப்பாச்சீஸ்'. (எங்கட அப்பாச்சி இல்லை, அமெரிக்கப் பழங்குடி ஒன்றின் பெயர். ஆனாலும் வாசிக்கும்போது ஒருதரம் சிரித்துவிட்டேன்.) இளவயதில் ஒரு கலியாணம், ஒரு மகன், பிறகு பிரிவு. இருபது வயதை எட்டும்போது அவருக்குக் கையில் இருந்தது நிறையக் கோபமும் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத உடம்பும்தான்.

1955 அளவில் நண்பர் ஒருவர் தான் படித்துவந்த ஜூடோப் பிடி ஒன்றை அவருக்குக் காட்டினார். தன்னைவிடப் பாரமான ஒருவரைத் தூக்கி நிலத்தில் போட முடிகிறது, அதுவும் ஆத்திரப்படாமல் என்பது ரஸ்டிக்கு அதிசயமாக இருந்தது. ஜூடோ தன்னை அமைதிப்படுத்தியது, தன்னைத்தானே அடக்கக் கற்றுத்தந்தது என்று பின்னர் பலமுறை சொல்லியிருக்கிறார். தெருச்சண்டைக்காரிக்கு இது முக்கியமான வாக்குமூலம். புரூக்ளின் வை.எம்.சி.ஏ. வகுப்பில் பெண்களுக்கு இடமில்லை. திரும்பத் திரும்பப் போய் நின்று சேர்ந்துகொண்டார். பயிற்சி செய்ய வேறு பெண்கள் இல்லாததால் ஆண்களோடுதான் பயிற்சி. யூட்டிக்காவில் அவர் எறிந்த எறிதல் அங்கே படித்ததுதான்.

இங்கே ஜூடோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

ஜூடோவை உருவாக்கியவர் கானோ ஜிகோரோ. 1882இல் ரோக்கியோவில் ஒரு புத்த கோயிலின் சிறிய அறையில், 12 பாய்கள் விரித்த இடத்தில், ஒரு சில மாணவர்களோடு கோடோகன் என்ற பள்ளியைத் தொடங்கினார். பழைய ஜுஜுட்சு முறைகளில் இருந்து ஆபத்தான அடிகளைக் கழித்து, எறிதல், அமுக்கிப்பிடித்தல், மூட்டுப்பிடி, கழுத்துநெரிப்பு என்று ஒழுங்குபடுத்தி, அதை உடற்கல்வியாகவும் ஒழுக்கக் கல்வியாகவும் மாற்றினார். கானோ ஒரு பள்ளி ஆசிரியர், கல்வியாளர். 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் உறுப்பினரான முதல் ஆசியர்.

ஜூடோப் பயிற்சியில் இரண்டு பெரிய பகுதிகள் உண்டு. ஒன்று கட்டா. யார் பிடிப்பது, யார் விழுவது எல்லாம் முன்னமே தீர்மானித்த அசைவுகள். மற்றது ரன்டோரி, அதாவது இருவரும் உண்மையாகவே ஒருவரை ஒருவர் விழுத்தப் பார்க்கும் சுதந்திரப் பயிற்சி. போட்டி என்பது ரன்டோரியின் நீட்சி. பெண்களுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பதில் கானோ அந்தக் காலத்துக்கு முற்போக்கானவர்தான். 1890களிலேயே பெண் மாணவி இருந்தார். 1926இல் கோடோகனில் பெண்களுக்கென்று தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. ஆனால் பெண்கள் போட்டி போடக்கூடாது. உடம்புக்குக் கூடாது, பிள்ளை பெறுவதற்குக் கூடாது, பெண்மைக்குக் கூடாது. அவர்களுக்குக் கட்டா, அழகு, நளினம். கறுப்புப் பட்டி வாங்கினாலும் அதன் நடுவில் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, பார்த்தவுடனே இது பொம்பிளையின் பட்டி என்று தெரியவேண்டும் என்பதற்காக. அந்த வெள்ளைக் கோடு ஜப்பானில் அண்மைக்காலம் வரைக்கும் இருந்தது.

இதற்கு நல்ல உதாரணம் கெய்கோ ஃபுகுடா. கானோவுக்கு ஜுஜுட்சு படிப்பித்த ஆசிரியரின் பேத்தி. 1913இல் பிறந்தவர். கானோவே நேரடியாக அழைத்து ஜூடோவுக்குக் கொண்டுவந்த பெண்களில் ஒருவர். கலியாணம் கட்டினால் ஜூடோவை விடவேண்டும் என்ற நிலையில் கலியாணத்தை விட்டவர். ஐந்தாம் டான் தரத்துக்கு வந்தபிறகு மேலே போக வழியில்லாமல் வருடக்கணக்காக அங்கேயே நின்றார். பெண்களுக்கு அதற்கு மேல் இல்லை என்பதுதான் நடைமுறை. 1964 ரோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஜூடோ சேர்க்கப்பட்டது. திறந்த பிரிவு இறுதிப்போட்டியில் நெதர்லாந்தின் அன்டன் ஹேசிங்க், ஜப்பானின் கமினாகாவை அமுக்கிப்பிடித்து வென்ற கதை எல்லா விளையாட்டு வரலாற்றிலும் இருக்கிறது. அதே ஒலிம்பிக்கில் ஃபுகுடாவும் இன்னொரு பெண்ணும் ஜூ-நோ-கட்டா செய்துகாட்டினார்கள் என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. ஜூ-நோ-கட்டாவில் எதிராளியைத் தூக்கலாம், எறிவது கிடையாது. பெண்களுக்குத் தரப்பட்ட இடத்தை இதைவிடச் சரியாக ஒருவராலும் வரைந்துகாட்ட முடியாது.

ரஸ்டி 1962இல் ரோக்கியோவுக்குப் போனார். கோடோகனின் பெண்கள் பிரிவில் சேர்த்தார்கள். அங்கே நடந்த பயிற்சி அவருக்குப் போதவில்லை. இவர் புரூக்ளினில் ஆண்களோடு உருண்டு வந்தவர், எறிந்தால் முழுசாக எறிவார். கடைசியில் கோடோகன்காரரே அவரை ஆண்களின் பிரதான மண்டபத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஆண்களோடு சேர்ந்து பயிற்சி செய்ய அனுமதிக்கப்பட்ட முதல் பெண் அவர்தான். தனது நாட்டில் ஒரு மாநில வை.எம்.சி.ஏ. போட்டியில் ஏற்கப்படாதவர், ஜூடோவின் தாய்வீட்டில் உள்ளே எடுக்கப்பட்டார். அங்கேதான் ரியோஹெய் கனோகோகி என்ற ஜூடோ வீரரைச் சந்தித்தார். இருவரும் 1964இல் நியூயோர்க்கில் கலியாணம் முடித்தார்கள்.

அதற்குப் பிறகு அவருடைய சொந்தப் போட்டி வாழ்க்கை என்று சொல்ல அதிகம் இல்லை. இதை நாங்கள் சும்மா தாண்டிப் போய்விடக்கூடாது என்று நினைக்கிறேன். ஒரு வீரரின் நல்ல வயது இருபதில் இருந்து முப்பது வரைக்கும். ரஸ்டிக்கு அந்த வயதில் பெண்களுக்கான ஒரு தேசியப் போட்டி இல்லை, உலகப் போட்டி இல்லை, ஒலிம்பிக் இல்லை. பெரும்பாலான வீரர்கள் விளையாடி முடித்து, உடம்பு ஏலாமல் போனபின் பயிற்றுவிப்பாளர் ஆவார்கள். இவர் விளையாடக் களமே இல்லாததால் பயிற்றுவிப்பாளர் ஆனவர். அவர் எவ்வளவு நல்ல வீராங்கனை என்று அளக்க எங்களிடம் ஒரு முடிவுப் பட்டியல் கிடையாது. இருப்பது யூட்டிக்காவில் ஒரு வெற்றி, அதுவும் அழிக்கப்பட்டது.

எழுதும்போது எனக்கு எங்கட ஊர்க் கராத்தே வகுப்பு ஞாபகம் வருகிறது. சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் நடக்கும். நான் சேர்ந்தபோது ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொருவராகச் சாமத்தியப்பட, ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஓ.எல். எடுக்கிற வருடத்தில் ஒருத்திதான் மிச்சம். அவளுக்கும் சண்டைப் பயிற்சிக்கு ஆள் இல்லாமல், மாஸ்டர் அவளைக் கட்டாவே செய்யவிடுவார். பெடியங்கள் நாங்கள் ஏன் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. மெடலோடு படம் எடுக்கும்போது மட்டும் முன்வரிசையில் அவளை நிற்கச் சொல்லுவார்கள். ஃபுகுடாவின் கதையை வாசிக்கும்வரை இது எனக்கு ஒரு விசயமாகவே படவில்லை.

1960களிலும் 70களிலும் கனோகோகி தம்பதியினர் புரூக்ளினில் ஜூடோ படிப்பித்தார்கள். ரஸ்டி சத்தமான ஆள், புரூக்ளின் தெருப்பேச்சு, கூட்டங்களில் எழும்பி நின்று சண்டைபிடிக்கிற ஆள். அமெரிக்காவில் அப்போது காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1967இல் பொஸ்டன் மரதனில் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் கொடுத்துப் பதிவுசெய்து ஓடிய கத்ரின் சுவிட்சரின் இலக்கத்தைப் பிடுங்க ஒரு அலுவலர் பாய்ந்த படம் உலகம் முழுக்கப் போனது. 1972இல் கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்யும் 'டைட்டில் ஒன்பது' சட்டம் வந்தது. ஐரோப்பாவில் பெண்கள் தாங்களாகவே முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1975இல் பெண்களுக்கான ஐரோப்பிய ஜூடோ சம்பியன்ஷிப் உத்தியோகபூர்வமாகத் தொடங்கிவிட்டது. ஜப்பானில் பெண்களுக்கான தேசிய எடைப்பிரிவுப் போட்டி வந்ததே 1978இல்தான். ஆகவே ரஸ்டி ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் செய்தார் என்று சொல்லமுடியாது. அவரைப் 'பெண்கள் ஜூடோவின் தாய்' என்று அழைக்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டத்தில் அவ்வளவு உடன்பாடில்லை. ஒரு பெண் என்ன செய்தாலும் அவரைத் தாயாக்கிவிட்டால் எங்களுக்குச் சுகம். அவர் செய்தது பிரசவம் இல்லை. அது காசு, கடிதம், சட்டத்தரணி, சண்டை எல்லாம் சேர்ந்த ஒரு அமைப்பு வேலை.

அந்த வேலையின் உச்சம் 1980. ஒரு விளையாட்டு ஒலிம்பிக்கில் சேரவேண்டும் என்றால் அது பல நாடுகளில், பல கண்டங்களில் பரவியிருக்கிறது என்று காட்டவேண்டும். பெண்கள் ஜூடோவுக்கு உலக சம்பியன்ஷிப்பே கிடையாது. ஆண்களுக்கு 1956இல் இருந்தே இருக்கிறது. உலக சம்பியன்ஷிப் இல்லாததால் ஒலிம்பிக் இல்லை, ஒலிம்பிக்கில் இல்லாததால் உலக சம்பியன்ஷிப் நடத்தக் காசில்லை. இந்த வட்டத்துக்குள் சுத்திக்கொண்டிருந்தால் இன்னும் ஐம்பது வருடம் சுத்தலாம். ரஸ்டி தன்னுடைய வீட்டை ஈடுவைத்தார். அந்தக் காசோடு 1980 நவம்பர் இறுதியில் நியூயோர்க் மடிசன் ஸ்குவெயர் கார்டனின் ஃபெல்ட் ஃபோரம் அரங்கில் பெண்களுக்கான முதலாவது உலக ஜூடோ சம்பியன்ஷிப் நடந்தது.

வீட்டை ஈடுவைப்பது என்றால் என்ன என்று எங்கட ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப, வருத்தக்காரரைக் காப்பாற்ற என்று உறுதியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு விளையாட்டுப் போட்டிக்காக, அதுவும் தான் விளையாடப்போகாத ஒரு போட்டிக்காக, வீட்டை வைத்த ஆளை நான் இதற்கு முதல் கேள்விப்பட்டதில்லை. அப்போது அவருக்கு 45 வயது. அந்தப் போட்டி அவருக்கு இருபது வருடம் பிந்தி வந்தது.

27 நாடுகளில் இருந்து பெண்கள் வந்தார்கள். எட்டுப் பிரிவுகள். ஆகக் குறைந்த எடையான 48 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் பிரித்தானியாவின் ஜேன் பிரிட்ஜ் தங்கம் வென்றார். திறந்த பிரிவில் பெல்ஜியத்தின் இங்கிரிட் பெர்க்மன்ஸ் வென்றார், பிறகு பல வருடங்களுக்குப் பெண்கள் ஜூடோ என்றால் அவர்தான் என்ற அளவுக்கு வந்தார். 52 கிலோப் பிரிவில் ஜப்பானின் கவோரி யமாகுச்சி வெள்ளி எடுத்தார், அவருக்கு வயது 15. அவர்தான் நான்கு வருடம் கழித்து வியன்னாவில் தங்கம் வென்று ஜப்பானின் முதலாவது பெண் உலக ஜூடோ சம்பியன் ஆனவர். அதே வியன்னாவில்தான் அமெரிக்காவுக்கும், ஆண் பெண் இருபாலாரையும் சேர்த்து, முதலாவது உலக ஜூடோ சம்பியன் கிடைத்தார்: ஆன்மரியா. பின்னர் உலகப்புகழ் பெற்ற ரொண்டா ரௌசியின் தாய். 1980இல் நியூயோர்க்கில் விரிப்பு விரிக்கப்படாமல் இருந்திருந்தால் 1982 பரிஸும் 1984 வியன்னாவும் எப்போது வந்திருக்கும் என்று சொல்லமுடியாது.

உலக சம்பியன்ஷிப் வந்துவிட்டது, ஆனால் ஒலிம்பிக் கதவு அப்படியே மூடிக்கிடந்தது. 1984 லொஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கான மரதன் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஜூடோ சேர்க்கப்படவில்லை. ரஸ்டி கடிதம் எழுதுவதோடு நிற்கவில்லை. பாகுபாடு காட்டுகிறீர்கள் என்று ஒலிம்பிக் குழுவுக்கு எதிராக வழக்குப் போடப்போவதாக மிரட்டினார். கடைசியில் 1988 சியோலில் பெண்கள் ஜூடோவைக் 'காட்சி விளையாட்டு' என்று சேர்த்தார்கள். விளையாடலாம், பதக்கமும் தருவார்கள், ஆனால் பதக்கப் பட்டியலில் கணக்கெடுக்கமாட்டார்கள். பக்கத்து விரிப்பில் ஆண்கள் எடுத்தால் பதக்கம், பெண்கள் எடுத்தால் அன்பளிப்பு.

சியோலுக்குப் போன அமெரிக்கப் பெண்கள் அணியின் பயிற்றுவிப்பாளர் ரஸ்டி. அங்கே லின் ரோத்கே வெள்ளியும் மார்கரெட் காஸ்ட்ரோ வெண்கலமும் எடுத்தார்கள். ஒரு பயிற்றுவிப்பாளரின் திறமையை அளக்க இது ஒரு அளவு. ஆனால் ரஸ்டியின் தலைமுறைப் பயிற்றுவிப்பாளர்களின் வேலையைப் பதக்கத்தால் மட்டும் அளப்பது சரியாக எனக்குப் படவில்லை. நல்ல ஜூடோக்காரர் ஒருவர் வளர ஒவ்வொரு நாளும் விதவிதமான உடம்புகளோடு ரன்டோரி செய்யவேண்டும். உயரமானவர், கட்டையானவர், இடக்கைக்காரர், பாரமானவர் என்று. பெண்களே இல்லாத ஒரு துறையில் அந்தக் கூட்டத்தை முதலில் சேர்த்தெடுக்கவேண்டும். பிள்ளைகளைப் பெற்றோரிடம் கேட்டு எடுக்கவேண்டும், ஆண்களின் வகுப்புகளில் இடம் கேட்கவேண்டும், பிரயாணத்துக்குக் காசு கேட்கவேண்டும், நடுவர்களோடு விதிகளைப் பற்றி இழுபறிப்படவேண்டும். விரிப்பின் ஓரத்தில் நின்று கத்துவது அதற்கெல்லாம் பிறகு வருகிற கடைசி வேலை. ஆண்களின் அணிக்கு அமைந்த பயிற்றுவிப்பாளர் இந்த முன்வேலைகளில் பாதியைக்கூடச் செய்யவேண்டி இருந்திருக்காது.

1992 பார்சலோனாவில் பெண்கள் ஜூடோ முழுமையான ஒலிம்பிக் விளையாட்டு ஆனது. ஏழு எடைப்பிரிவுகள், ஏழு உண்மையான தங்கங்கள். ஸ்பெயின் பெண்கள் இருவர் சொந்த மண்ணில் தங்கம் எடுத்தார்கள். ஆண்களுக்கு ஜூடோ ஒலிம்பிக்கில் வந்து 28 வருடம் கழித்து. ஒப்பிட்டுப் பார்த்தால் இது அப்படி ஒன்றும் பிந்தவில்லை என்றும் சொல்லலாம்: பெண்களின் மல்யுத்தம் 2004இல்தான் வந்தது, பெண்களின் குத்துச்சண்டை 2012இல். அந்த ஒப்பீடு ஆறுதல் தருவதா, இன்னும் கோபம் தருவதா என்பது உங்கள் விருப்பம்.

கெய்கோ ஃபுகுடாவுக்கு என்ன நடந்தது? 1966இல் அமெரிக்காவுக்கு வந்து சான் பிரான்சிஸ்கோவில் படிப்பித்தார். 1970களின் தொடக்கத்தில், பலரும் கேட்டுப் போராடியதன் பிறகு, ஆறாம் டான் கொடுத்தார்கள். 2006இல் கோடோகன் ஒன்பதாம் டான் கொடுத்தது. 2011இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் டான் கொடுத்தது. அந்தத் தரத்தைப் பெற்ற முதல் பெண். மேடையில் நிற்கமுடியாத வயது வரும்வரை அவரைக் காக்கவைத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கொண்டாட்டத்தை வாசிக்கவேண்டும்.

ரஸ்டிக்கும் அங்கீகாரம் பிந்தித்தான் வந்தது. ஏழாம் டான் வரைக்கும் போனார். 2008இல் ஜப்பான் அரசு உதயசூரியன் விருதை வழங்கியது. வெளிநாட்டவர் ஒருவருக்கு ஜப்பான் தருகிற பெரிய கௌரவங்களில் ஒன்று. அதற்குள் அவருக்கு மல்ட்டிப்பிள் மைலோமா என்ற எலும்புமச்சைப் புற்றுநோய் வந்திருந்தது. 2009 ஓகஸ்டில், யூட்டிக்கா நடந்து சரியாக ஐம்பது வருடத்தில், நியூயோர்க் மாநில வை.எம்.சி.ஏ. அவருக்கு ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தது. அன்றைக்குப் பறித்ததற்குப் பதிலாக. மூன்று மாதம் கழித்து, நவம்பர் 21ஆம் திகதி, 74 வயதில் அவர் காலமானார். மகள் ஜீன் அவரோடு சேர்ந்து எழுதிய நினைவுக் குறிப்பு நூல் 2021இல் வெளிவந்தது.

1959இல் தலையாட்டாமல், இல்லை நான் ஆண்தான் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்லியிருந்தால் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ வந்திருக்கும் என்று தான் நினைக்கவில்லை என்பதுதான் அவருடைய பதில். பதக்கத்தைக் கழற்றிக் கொடுத்த அந்த உணர்வு இனி ஒரு பெண்ணுக்கும் வரக்கூடாது என்று அன்றைக்கு நினைத்ததாகவும் சொல்லியிருக்கிறார். நான் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறேன். அவமானம் எல்லோரையும் போராளி ஆக்குவதில்லை. பலரை அது வீட்டுக்கு அனுப்பிவிடும். எங்கட கராத்தே வகுப்பில் கடைசியாக மிஞ்சியிருந்தவளும் ஒருநாள் வராமல் விட்டாள். ரஸ்டி வீட்டுக்குப் போகாததற்கு அவருடைய குணம் ஒரு காரணம், அவரைத் திருப்பி அனுப்பாத புரூக்ளின் அணிக்காரர்களும் ஒரு காரணம். அவரைப் போட்டிக்கு இறக்கியது அந்தப் பெடியங்கள்தானே. அவர்களின் பெயர்கள் பெரும்பாலான கட்டுரைகளில் இல்லை.

இன்னொரு விசயம். பெண்கள் விரிப்பில் ஏறியதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2012ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானின் உயர்மட்டப் பெண் ஜூடோ வீராங்கனைகள் 15 பேர் சேர்ந்து அந்த நாட்டு ஒலிம்பிக் குழுவிடம் ஒரு முறைப்பாடு கொடுத்தார்கள். தேசிய அணியின் பயிற்சியில் தங்களுக்கு அறை விழுகிறது, மூங்கில் வாளால் அடி விழுகிறது, வாய்க்கு வந்தபடி ஏச்சு விழுகிறது என்று. பயிற்றுவிப்பாளர் சொன்னால் சொன்னதுதான் என்ற ஒரு பண்பாட்டில், ஒலிம்பிக் அணித் தெரிவு அவருடைய கையில் இருக்கும்போது, இதை எழுதிக் கையெழுத்து வைப்பது சின்ன விசயம் இல்லை. முதலில் விசயத்தை உள்ளுக்குள் முடிக்கப் பார்த்தார்கள். 2013 தொடக்கத்தில் அது வெளியே வந்து, தலைமைப் பயிற்றுவிப்பாளர் பதவி விலகவேண்டி வந்தது. அந்த 15 பேருக்கும் பின்னால் நின்று, அவர்களின் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொண்டு, ஊடகங்களில் அவர்களுக்காகக் கதைத்தவர் ஒரு முன்னாள் வீராங்கனை, கவோரி யமாகுச்சி. 1980இல், ரஸ்டி வீட்டை ஈடுவைத்து விரித்த அந்த விரிப்பில் வெள்ளி எடுத்த 15 வயதுப் பிள்ளை.